பதினைந்து பேர் சேராத அணி

ஜேர்சிப் பையைத் திறந்தேன். ஈரப் புல், நோவெண்ணெய், வியர்வை. இந்த முறை தோய்ப்பது என் பங்கு. லண்டன் நோர்பரி வீட்டுக் குசினியில், வாஷிங் மெஷினுக்கு முன்னால், தரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

ஒன்றாம் இலக்க ஜேர்சியும் உள்ளே கிடந்தது. உன்னுடையது என்று சொல்ல முடியாது. அயர்லாந்துக்காரரின் ‘கேலிக்’ கால்பந்தில் இலக்கம் ஆளுக்கு இல்லை, நிற்கும் இடத்துக்கு. ஒன்று என்றால் கோல். நீ கோடையில் செத்தாய். பிறகு சீசன் முடியும்வரை வேறொருவன் அதைப் போட்டான். இப்போது அவனும் டுபாய்க்குப் போய்விட்டான்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. பப்பின் பின்னறையில் மனேஜர் அடுத்த சீசனைப் பற்றிப் பேசினார். நடுக்களத்துச் சகோதரர்கள் இருவரும் சிட்னிக்குப் போகிறார்கள். எங்கள் புள்ளிகளில் பாதியை அடிப்பவன், தகப்பனின் மாடுகளைப் பார்க்க அயர்லாந்துக்குத் திரும்புகிறான். புதிதாக வருபவன் ஒருவன்தான். அவனுக்கு முழங்கால் சரியில்லை. களத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். அவனையும் சேர்த்து நாங்கள் பதினொருவர்.

“பதினொரு பேரா? சொக்கர் விளையாடுங்கோ,” என்றான் சிட்னிக்குப் போகும் மூத்தவன். சொக்கர் என்றால் சாதாரணக் கால்பந்து; அதற்குப் பதினொருவர் போதும்.

மாசிக்குள் ஆள் சேராவிட்டால் லீக்கிலிருந்து விலகுவோம் என்றார் மனேஜர். பிறகு என் பக்கம் திரும்பினார். கோலில் நிற்பாயா? ஓம் என்றேன். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

நீ வயரிங் வேலை செய்த சைட்டில் போர்மன் அவர். தமிழ்ப் பெடியளின் லீக்கில் நீ கோல் கீப்பர் என்று அறிந்து இழுத்துக்கொண்டு வந்தார். நீ என்னை இழுத்தாய். “கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் அடிக்கலாம். உனக்கு ரெண்டும் வராது. பரவாயில்லை, வா மச்சான்.”

உன் முதல் ஆட்டம். பந்து உன் விரல் நுனியைத் தாண்டிக் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனது. நீ இரண்டு கையையும் உயர்த்தி, “தப்பிச்சம்!” என்று கத்தினாய். எதிரணி உன்னை வியந்து பார்த்தது. இந்த விளையாட்டில் மேலால் போனால் அவர்களுக்கு ஒரு புள்ளி. அடுத்ததற்கும் கை தட்டினாய். மனேஜர் எல்லைக்கோட்டில் குந்தி இருந்துவிட்டார். பிறகு எங்கள் அயர்லாந்துப் பெடியள் எல்லோரும் புள்ளி விடும்போதெல்லாம் “தப்பிச்சம்” என்றார்கள். அந்த வருடம் நிறையத் தப்பினோம். கடைசி இடம்.

ஆஸ்பத்திரியில் நீயும் கோலைப் பற்றித்தான் கேட்டாய்.

“அடுத்த சீசன் ஆர் கோல்?”

“நீதான்.”

“பொய் சொல்லாதை. களத்து மூலைக்குள்ள நிண்டு குளிருக்குக் கை தேய்க்கிற உன்னைத்தான் கோலுக்கு விடுவாங்கள். முடிஞ்சுது கதை.”

சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. நேர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். அதன் பிறகு நாம் பேசவில்லை.

ஆட்கள் வருவார்கள் என்று மனேஜர் இன்னமும் சொல்கிறார். முன்பெல்லாம் வேலை தேடி லண்டனுக்கு வந்த அயர்லாந்துப் பெடியள், இப்போது லண்டனுக்கு மேலால் பறந்து போகிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

இன்று பின்னேரம் பயிற்சி. மழை. என்னைத் தவிர நால்வர் வந்தார்கள். கோலில் நின்று பந்தைத் தரையில் வைத்தேன். நீ ஒவ்வொரு முறையும் உதைக்க முதல் நிமிர்ந்து பார்ப்பாய். எங்களுக்கு எரிச்சல் வரும்வரை பார்ப்பாய். “ஆரோ ஒருத்தன் ஓடத் தொடங்குவான். அவனுக்குத்தான் அடிக்கோணும்.”

நிமிர்ந்து பார்த்தேன். ஒருவன் போனில். ஒருவன் சப்பாத்துக் கட்டுகிறான். மற்ற இருவரும் கைகளை அக்குளுக்குள் வைத்தபடி. காத்திருந்தேன். ஒருவனும் ஓடவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பார்வை மட்டும்தான்.

வெறும் புல்லுக்கு அடித்தேன். பிறகு பந்தை எடுக்க நானே நடந்து போனேன்.