காற்று குடியிருந்த தண்ணீர்

5 ஜனவரி 1943, செவ்வாய்

மலைக்குளிர் பழகிவிட்டது. டிரங்குப் பெட்டியை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. பிரித்து அடுக்கிய பிறகு திரும்பக் கட்டச் சொன்னால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

யுத்தத்தில் கேஸ் கிடைக்காமல் ஆலங்காயத்தில் எங்கள் சோடாக் கடை படுத்துவிட்டது. அதன் பிறகு இவருடைய அண்ணன் வீட்டில் ஒரு மூலை. ஓரகத்தி ஞானமேரி கெட்டவள் இல்லை. உப்பு ஜாடியைக்கூடப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிறவள், அவ்வளவுதான். இந்த மலையில் கல் வெட்டும் கம்பெனியின் எஞ்சினியர் பிலிப்ராஜ், காற்றும் நுரையும் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடி வந்தபோது, இவர் யோசித்து முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

வேலை இதுதான். இங்கே வெட்டும் கல்லில், பென்சிலுக்குள் இருக்குமே, அந்தக் கறுப்புச் சரக்கு கலந்திருக்கிறது. கல்லை மாவாக இடித்து, மண்ணெண்ணெய் பிசறி, ஆளுயரத் தகரக் குழாயில் தண்ணீரோடு விட வேண்டும். குழாயின் அடியில் கித்தான் துணி. அதன் வழியாகப் பம்புக் காற்று குமிழியாக ஏறும். கறுப்பு குமிழியோடு ஒட்டிக்கொண்டு மேலே நுரையில் வரும், மண் கீழே தங்கும். வந்தால் இவர் வேலை நிரந்தரம், இந்த வீடும் எங்களுக்கு. வராவிட்டால் ஞானமேரியின் உப்பு ஜாடி.

8 ஜனவரி, வெள்ளி

வரவில்லை. நுரைக்கென்று ஒரு எண்ணெய் கப்பலில் வர வேண்டுமாம். கப்பல் எந்தக் கடலில் நிற்கிறதோ. அது இல்லாமல் குமிழி எல்லாம் கேழ்வரகுக் களி கொதிப்பது போலப் பெரிது பெரிதாக வந்து டொப்பென்று உடைகிறது. கறுப்பு ஒட்டுவதற்குள் அது மேலே போய்ச் செத்துவிடுகிறது.

இவர் குழாயில் பதித்த கண்ணாடிப் பட்டைக்கு எதிரே உட்கார்ந்து குமிழியையே பார்க்கிறார். பெண் பார்க்க வந்தபோது என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

10 ஜனவரி, ஞாயிறு

பூசைக்குப் போக வழியில்லாத ஞாயிறு. ஜெபமாலை சொல்லிவிட்டு, அந்தக் கித்தான் துணியைக் கழற்றிப் பூந்திக்கொட்டை போட்டுத் துவைத்தேன். மண்ணெண்ணெய் நாற்றம் சோற்றில்கூட வருகிறது, எவ்வளவு நாள்தான் பொறுப்பது? ஊற்று தூரம் என்பதால் அலசலில் மட்டும் கொஞ்சம் சிக்கனம். துணி சுருங்கினால் உன் தலையில் முக்காடு போட்டுக்கொள் என்றார். சுருங்கவில்லை.

11 ஜனவரி, திங்கள்

சிரிப்பதா, அழுவதா?

காலையில் கறுப்பு வந்தது. மொச்சைக்கொட்டை அளவிருந்த குமிழி எல்லாம் இன்று கடுகு கடுகாக, கூட்டம் கூட்டமாக. மேலே நுரை பாலேடு மாதிரி தடித்து, கருகருவென்று மினுங்கிக்கொண்டு வழிந்தது. நான் கைதட்டினேன். இவர் சின்னப் பையன் மாதிரி குதித்தார்.

பிறகு காற்றை நிறுத்தினார். வழக்கமாகத் தண்ணீர் நாலு விரல் இறங்கும். இன்று ஒரு சாண் இறங்கியது. பக்கத்தில் பார்த்தால் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே நிற்கிறது. இவருக்கு இது போதாதா? தண்ணீர் சுமக்கும் பாஞ்சாலையைக் கூப்பிட்டார். பம்பு ஓடும்போதே குழாயில் போட்ட சிவப்புக் கோடு வரை ஊற்ற வேண்டும், அதுதான் அவள் வேலை. கோட்டைத் தொட்டது, நிறுத்தினேன் என்றாள்.

"ரெண்டு குடத்தை மிச்சம் புடிச்சிக்கினு கோட்டைத் தொட்டுச்சுன்னு பொய் சொல்றியா?"

அவள் சத்தம் போடவில்லை. "என் குடத்த இதுவரிக்கும் ஒருத்தரும் குறைகுடம்னு சொன்னதில்ல" என்றாள். சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பம்புச் சக்கரம் சுற்றும் அவள் தம்பி வீரனும் பின்னாலேயே போனான்.

கறுப்பு வந்த நாளில் இப்படியா? இந்த மனுசனுக்கு வாய் எதுக்கு? சோடா பாட்டில் மாதிரி ஒரு கோலி போட்டு அடைச்சிருக்கணும்.

12 ஜனவரி, செவ்வாய்

ஆள் இல்லை. தண்ணீர் இல்லை. வீட்டில் பேச்சும் இல்லை.

13 ஜனவரி, புதன்

இவர் சுமந்தார், நான் சக்கரம் சுற்றினேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். குமிழி மறுபடியும் பழைய களி. கறுப்பு இல்லை. அன்று வந்தது இன்று ஏன் வரவில்லை?

வண்டிக்காரப் பழனி சேதி கொண்டுவந்தான். அடுத்த புதன் பிலிப்ராஜ் வருகிறாராம். சரக்கு வராவிட்டால் குழாயைக் கழற்றி வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறாராம். குழாயோடு நாங்களும்தானே இறங்க வேண்டும். நல்லவேளை பெட்டியைப் பிரிக்கவில்லை என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

14 ஜனவரி, வியாழன்

இன்று நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது.

மலையில் பொங்கல். சமாதானம் பேசலாமென்று வெல்லம் எடுத்துக்கொண்டு பாஞ்சாலை வீட்டுக்குப் போனேன். நாள்கிழமையில் வந்தவளைப் போ என்று சொல்ல மனமில்லாமல், மூஞ்சியை மட்டும் அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பால் நுரைத்து, பானையின் கழுத்தைத் தொட்டு, கிழக்கே வழிந்தது. எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள். அவள் விறகை இழுத்தாள். பால் அரைப்பானைக்கு இறங்கிவிட்டது.

யாரும் பால் ஊற்றவில்லை. யாரும் மொண்டு எடுக்கவுமில்லை.

வெல்லத்தைக் கொடுக்காமலே ஓடி வந்தேன். இவரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "சோடாவைத் தொறந்தா பொங்கி வழியுது, அப்புறம் பாட்டில் முக்காவாசிதான் நிக்குது. எத்தினி வருசமா பார்க்கிறேன் பிலோமி, எனக்குத் தோணலையே." பெரிய குமிழி ஓடிவிடுகிறது. பொடிக் குமிழி மெதுவாக ஏறுவதால் தண்ணீருக்குள்ளேயே நெடுநேரம் தங்கி, இடத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மேலே தூக்குகிறது. அன்று ரெண்டு குடத்து இடத்தில் காற்று குடியிருந்திருக்கிறது. பாஞ்சாலை கோடு வரைக்கும்தான் ஊற்றினாள்.

அப்படியென்றால் குமிழியைப் பொடியாக்கியது எது என்றார். நான் துவைக்கிற கல்லில் கிடந்த பூந்திக்கொட்டைத் தோலைக் கொண்டுவந்து கையில் வைத்தேன். துணியில் அலசாமல் மிஞ்சிய நுரைதான். மறுபடி ஓட்டியபோது அது கரைந்து போயிருந்தது. என்னை வெகுநேரம் பார்த்தார். பெண் பார்க்க வந்த பாக்கி இன்று தீர்ந்தது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனார். வாசலில் சொன்னது பாஞ்சாலைக்குப் போதவில்லை, ஊற்றுக்கு வந்து பெண்கள் முன்னால் சொல்ல வேண்டுமென்றாள். போய்ச் சொன்னார்: "பாஞ்சாலை ஊத்தினது நெறகுடம். காத்து இருந்த எடத்துல தண்ணியத் தேடிட்டேன். தப்பு என்னுது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அந்த ரெண்டு குடத்தையும் நீயே தூக்கினு வாண்ணா" என்றாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பாதி வழியில் இடுப்புக் குடம் இவர் வேட்டியை நனைத்ததும்தான் அவள் சிரித்தாள்.

வெல்லத்தை ராத்திரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

20 ஜனவரி, புதன்

பிலிப்ராஜ் வந்தார். பெரிய மனுசன் வந்த பதற்றத்தில் இவர் பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஒரு அகப்பைக்கு ரெண்டு அகப்பையாக ஊற்றிவிட்டார். வெள்ளை நுரை குபுகுபுவென்று எழும்பி எஞ்சினியரின் பூட்ஸை மூழ்கடித்தது. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். வீரன் சக்கரத்தைப் பிடித்தபடி சிரிப்பில் குலுங்குகிறான்.

குழாயைக் கவிழ்த்துக் கழுவி, ஒரே அகப்பையோடு மறுபடி ஓட்டினார்கள். கறுப்பு வந்தது. அளவு சரியென்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர் என்று எஞ்சினியர் கேட்டார். காற்றை நிறுத்தி இறக்கத்தைப் பார்ப்போம், நாலு விரல் இறங்கினால் நுரை போதாது, ஒரு சாண் இறங்கினால் சரி என்றார் இவர். பிலிப்ராஜ் கறுப்பை விரலில் தேய்த்துப் பார்த்து, மறந்து மூக்கையும் சொறிந்துகொண்டார். அந்த மூக்கோடேயே, வேலை நடக்கட்டும், கூரைக்கு ஓடு அனுப்புகிறேன் என்றார். மூக்கில் கறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. அப்படியே ஆலங்காயம் போனார்.

2 பிப்ரவரி, செவ்வாய்

பழனி வண்டியில் ஞானமேரி கேட்டு அனுப்பியிருக்கிறாள், பெட்டியோடு எப்போது வருகிறீர்கள், மூலையைக் கூட்டி வைக்கவா என்று.

பெட்டி காலியில்லை என்று சொல்லச் சொன்னேன். புடவையெல்லாம் கொடியில் தொங்குகிறது, அந்தோணியார் படம் சுவரில் ஏறிவிட்டது. பெட்டி நிறைய பாஞ்சாலை பொறுக்கி வந்த பூந்திக்கொட்டை. எலி தொடாத இடம் அது ஒன்றுதான்.

ஈஸ்டருக்கு ஞானமேரியை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். உப்பு ஜாடி திறந்தேதான் இருக்கிறது.