கொடி அசைந்த பிறகும்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. சிறு பிசகு மட்டும். காப்பிச் செடிகளுக்கிடையே களைக்கொல்லி தெளிக்கும்போது, குச்சியில் கட்டிய துணி அசைந்தால் வேலையை நிறுத்துவது என் விதி. அதனால் எனக்குக் 'கொடிக்காரர்' என்றே பெயர். செவ்வாயன்று துணி அசைந்தது.

"காத்து எங்க சார் அடிக்குது? உங்க கொடிக்குத்தான் குளிருது!" என்றார் மருந்தடிப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். முதன்முறையாக நானும் சிரித்து, தொடரச் சொன்னேன். மருந்து காற்றில் பறந்து பக்கத்து வரிசையில் பட்டு, நாற்பது இளங்கன்றுகளின் இலைகள் சுருண்டுவிட்டன.

தவறு என்னுடையது என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். வெள்ளியன்று மேலாளர் பார்த்துவிட்டு, என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என முடிவு செய்வார். அதுவரை காலையும் மாலையும் கன்றுகளைப் போய்ப் பார்க்கிறேன். பார்ப்பதால் அவை துளிர்க்காது என்பதும் தெரியும்.

பருத்திக் கைக்குட்டை நான்கு அனுப்புங்கள். தங்கள் மருமகளைத் தாளின் இரு பக்கமும் நிரப்பி எழுதச் சொல்லுங்கள். கூடத்து மின்விசிறி இன்னும் சத்தம் போடுகிறதா என்பதையும் எழுதட்டும்.

மேலாளரின் ஜீப் ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்கிறது. மருந்தடித்தவரை அவர் கூப்பிட்டு விசாரிப்பதற்குள் நான் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும். முடிக்கிறேன்.

தங்கள் மகன்