குதிரைமசால் வயலின் வெயில் கணக்கு

புரட்டாசி, செவ்வாய் இரவு

மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட குதிரைமசாலில் இன்று புழு பொரித்திருக்க வேண்டும். மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்துத் தினமும் சூட்டைக் குறித்து, இவ்வளவு சேர்ந்தால் முட்டை பொரிக்கும் என்று கூட்டிய கணக்கு அப்படித்தான் சொன்னது. காலையில் மருந்து கலக்க உட்கார்ந்தேன். மனைவி விடவில்லை.

“மருந்தடிச்சா பத்து நாளு மாட்டுக்கு இன்னாத்த போடுவீங்க? மறியல்ல ரோடே அடைச்சிக் கெடக்குது, வைக்கோல் வண்டி வருமா? மொதல்ல புழு இருக்குதான்னு போய்ப் பாருங்க.”

வெள்ளைத் துண்டை விரித்து, வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் தண்டுகளை உதறிப் பார்த்தேன். ஒரு புழுகூட விழவில்லை. கடுப்போடு கொட்டகைக்கு வந்தால், வெப்பமானிமேல் சுள்ளென்று வெயில். அதற்கு நிழல் தந்த சாலையோரப் புளியமரத்தைத்தான் ஐந்து நாள் முன்பு மறியலுக்காக அறுத்துச் சாய்த்தாயிற்றே! அன்றிலிருந்து நான் குறித்ததெல்லாம் வெயிலில் காய்ந்த சுவரின் சூடு.

ஐந்து நாள் கணக்கையும் அடித்துவிட்டேன். வெப்பமானி இப்போது வேப்பமர நிழலில். தினமும் துண்டோடு வயலில் இறங்குவேன். புழுவைக் கண்ணால் பார்க்காமல் மருந்து டப்பாவைத் தொடமாட்டேன். மறியலுக்கும் போவேன், அதில் மாற்றமில்லை.

மனைவியிடம் கணக்கு தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டாள். புளியமரத்தை அறுத்த ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தவன் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.