கல்லூரிப் பெயருக்கான கட்டம்

செவ்வாய், ஓணத்துக்கு முந்தின வாரம்

தோவாளைச் சந்தையின் பூ விலையைக் காட்டும் இணையப் பக்கத்தை நானாகவே கற்றுக்கொண்டு செய்தேன். விரலால் தள்ளினால் பூக்கள் மாறும். அங்கே பிச்சிப்பூ விற்கும் என் அம்மாவிடம் போனைக் கொடுத்தபோது பக்கம் அசையவே இல்லை. "ஏட்டி, பூவுக்குத் தண்ணி தெளிச்ச கை. தள்ளுனா நவரமாட்டேங்கு" என்றாள். பிறகு எல்லாவற்றையும் பெரிய பொத்தான்களாக மாற்றினேன்.

இன்று திருவனந்தபுரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் அதைத்தான் சொன்னேன். கேள்வி கேட்ட பெண் சிரித்தாள். "நல்லா இருக்கு. விண்ணப்பத்தை இன்னைக்கே அனுப்பிடுங்க" என்றாள்.

விண்ணப்பப் பக்கத்தில் கல்லூரியின் பெயர் கேட்டார்கள். காலியாக விட்டால் கட்டம் சிவந்தது. அண்ணனைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கட்டிக்கொடுக்கப் போகிற பிள்ளைக்கு எதற்கு என்று என்னை அனுப்பவில்லை. அப்படிச் சொன்னவர்கள் யாரும் இந்தக் கட்டத்தைப் பார்க்கப் போவதில்லை.

"ஏதாவது காலேஜ் பேரைப் போடுட்டி. எவன் வந்து பாக்கான்?" என்றாள் அம்மா.

கட்டத்தைக் கட்டாயமாக்க நிரலில் ஒரு சொல் போதும். அந்த நிறுவனத்தில் என்னைப் போல ஒருத்தி அதை யோசிக்காமல் எழுதியிருப்பாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்காக அவளோடு சண்டை போட வேண்டும். வேறெதற்கும் இவ்வளவு ஏங்கியதில்லை.

அந்தக் கட்டம் காலியா என்று மட்டும்தான் பார்க்கும். "கல்லூரிக்குப் போகவில்லை" என்று அடித்தேன். சிவப்பு போய்விட்டது. அனுப்பிவிட்டேன்.

இனி அதை வாசிக்கப்போவது மனிதர்கள்.