ஒன்பதாம் நாள் பருப்பு

சிவகாமி,

காலை ஐந்தேகால். நீ குளிக்கிறாய். நான் சேன் பியேர் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

அடுப்பில் பருப்பு வெந்திருக்கிறது. பானை புதியது, மீன் படாதது. உன் விரதப் பானையில் உப்புமீன் சமைத்தது என் தவறு. நாளை உன் காவடிக்கு வரமாட்டேன் என்றதும் தவறு.

எங்கள் வேதப் புத்தகத்தில் தானியேல் பத்து நாள் பருப்பும் தண்ணீருமாக இருந்தான், முகம் பொலிந்தது. சிறுவயதிலிருந்து படிக்கிறேன். நம்பியதில்லை. நேற்று விளக்கேற்றியபோது உன் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது நாளாக ஒருவேளைச் சாப்பாடு. அதே பொலிவு.

க்ளெமான்

சாவி அரிசிப் பெட்டிமேல்.

இன்னொன்று. இப்போதுதான் குளியலறைக் கதவருகே நின்று உன்னிடம் கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

“சிவகாமி, நாளைக்குக் கோயில் வரைக்கும் உன் பக்கத்துல நானும் நடந்து வரட்டுமா?”