பசியில்லை என்று சொன்ன பிள்ளைகள்

சாந்தோம்,
17 மார்ச்சு 1929, ஞாயிறு

என் அன்பு மகன் அருளப்பனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ரங்கூனில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் உன் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, கோவில் வரை நடந்து போய் வருகிறார், மணலில் மட்டும் நடக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை. தபசு காலமானதால் வீட்டில் கறி கிடையாது, மீன்தான். கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, அதுவே பெரிய உபகாரம்.

இந்தத் தடவை ஒரு நல்ல சேதி. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் போடுகிற சோறு வருகிற வருஷமும் நடக்கும், அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்று என்று கார்ப்பரேஷனிலிருந்து வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. நின்றே போயிருக்கும், எப்படி நிற்காமல் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். குப்பத்தில் முனியன் பெண்சாதி கெங்கம்மாவை உனக்குத் தெரியும். அவள் மகள் செண்பகம் இப்போது என் வகுப்பில் படிக்கிறாள், கணக்கில் பையன்களை முந்துகிறவள். ஆனால் கெங்கம்மா என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள், மத்தியானம் ஒரு வாய் சோறு கெடைக்குதேன்னுதான் அனுப்புறேன் வாத்தியாரம்மா, அது நின்னா இவ ஊட்ல கொழந்தயப் பாத்துக்கட்டும், நான் மீன் கூடயத் தூக்கிக்கினு போயிடுவேன் என்று. அவளைக் குறை சொல்ல முடியாது, விடியற்காலையில் கட்டுமரம் கரைக்கு வரும்போது பெண்கள் எல்லாரும் மீன் எடுக்கக் கடற்கரையில் நிற்பார்கள், வீட்டில் அடுப்பு மூட்ட யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் முந்தின நாள் கூழ் இருந்தால் குடித்துவிட்டு, இல்லாவிட்டால் அதுவுமில்லாமல் பள்ளிக்கு வரும்.

பணம் ஒதுக்குவதற்கு முன் நேரில் பார்க்க அனந்தராமன் என்ற மேற்பார்வை அதிகாரி வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரிய மனிதர் வருகிறார், தலை வாரிக்கொண்டு வாருங்கள் என்று பெரிய வாத்தியார் பிள்ளைகளிடம் சொன்னார், அவ்வளவுதான். அது வீட்டுக்குப் போனதும் வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அந்நியர் பார்க்கும்போது பிள்ளை ஆசையாகச் சோற்றில் கை வைத்தால் பெற்றவளுக்குத் தலைகுனிவு என்று குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு, விருந்துக்குப் போனாலும் வீட்டில் ஊட்டித்தான் கூட்டிப் போவார்கள். அன்றைக்கு அத்தனை தாய்மாரும் கரைக்குப் போகாமல், கைமாற்று அரிசி வாங்கிப் பொங்கி, மீன் குழம்பு ஊற்றிப் பிள்ளைகளை வயிறு முட்டச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் அனந்தராமன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார், பிள்ளைகள் பருப்புக் குழம்புச் சோற்றை விரலால் தொட்டுவிட்டுப் போதும் போதும் என்கிறார்கள். எப்போதும் இரண்டாம் தடவை கேட்கிற செண்பகம் கூட வயிறு ரொம்பிக்கீது சார் என்று தட்டை நகர்த்தி வைத்தாள். அண்டாவில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது. இங்கே வீட்டிலேயே கிடைக்கிறது போலிருக்கிறதே, இல்லாத இடத்துக்குக் கொடுக்கலாம் என்று பெரிய வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் பிழையில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

பிள்ளைகளை விசாரித்து விஷயம் தெரிந்ததும் சாயங்காலம் கெங்கம்மாவிடம் போனேன். பின்ன இன்னா வாத்தியாரம்மா, அவ்ளோ பெரிய மனுசன் பாக்கசொல்ல எம் பொண்ணு பறக்காவெட்டி மாதிரி துன்னணுமா என்று பெருமையாகக் கேட்டாள். சோறு நிற்கப் போகிறது என்றேன். செண்பகம் உள்ளே போய்க் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், அதைக் கெங்கம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நாலைந்து பெண்களோடு என் வாசலில் வந்து நின்றாள், சோறு பாக்க வந்த அந்த சாமி ஊட்டக் காட்டு என்றாள். மயிலாப்பூர் வரை நடந்து போனோம். அந்தத் தெருவில் குப்பத்துப் பெண்கள் நுழைந்தால் எல்லாருக்கும் வேடிக்கை. பால்காரர் ஒருவர், இன்னா கெங்கம்மா, மீன் விக்க அய்யிரு தெருதான் கெடச்சிதா என்று கேலி செய்ய, உன் பாலுல கீற தண்ணில மீன் புடிக்க வந்தேன் போய்யா என்றாள், அழுகையோடு வந்த பெண்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். அனந்தராமன் வெளியே வந்தார். நான்தான் நேரில் பார்த்தேனே என்றார். கெங்கம்மா தெருவிலேயே நின்று, அக்கம் பக்கத்தார் எல்லாரும் கேட்க, நீ பாத்தது எங்க மானத்த சாமி, நாங்கதான் கடன வாங்கித் துன்ன வச்சி அனுப்பினோம், எங்க புள்ளைங்க பசிச்ச புள்ளைங்க, நம்பலன்னா சொல்லாம கொள்ளாம வந்து பாரு என்றாள். கூடையை இறக்கி வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தன் பெண் பசியோடு இருக்கிறாள் என்று யாரிடமும் சொல்லாதவள், அதைத் தெருவில் நின்று சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஜலஜா அம்மாள், பொம்மனாட்டி ஆத்து வாசல்ல வந்து நின்னுண்டு இவ்வளவு சொல்றாளே, இன்னொரு தரம் போய்ப் பாத்துட்டுத்தான் வாங்கோளேன் என்றார்கள். அந்த அம்மாளுக்காக நான் தினமும் தேவமாதாவிடம் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்கிறேன்.

அனந்தராமன் சொல்லாமல்தான் வந்தார், மத்தியானச் சோறு வைக்கிற நேரத்தில். பிள்ளைகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்டா வழித்துப் போட்டும் போதவில்லை. செண்பகம் மூன்றாம் தடவை தட்டை நீட்டினபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கரண்டியை ஆயாவிடமிருந்து வாங்கித் தானே போட்டார். கெங்கம்மா மீன் விற்றுத் திரும்பும் வழியில் வேலியோரம் நின்றிருந்தாள். மகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டே நின்றாள்.

கார்ப்பரேஷனுக்கும் அவருக்கும் நன்றி சொல்லி எழுத வேண்டுமென்று பெரிய வாத்தியார் சொன்னார், எழுதி அனுப்பினோம். கெங்கம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அருளப்பா, உன் கடிதங்களில் வேலையைப் பற்றி எழுதுகிறாய், கப்பலைப் பற்றி எழுதுகிறாய், மழையைப் பற்றி எழுதுகிறாய், சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆயிற்று என்று சொல்லிவிடாதே. பசித்தால் பசிக்கிறது என்று சொல். உன் தாய்க்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பாஸ்கு திருநாளுக்கு முன் கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மறக்காதே. தேவமாதா உன்னை எந்த நேரமும் காப்பாற்றுவாளாக.

உன் அம்மா,
ஜெசிந்தா லாசர்