அக்கரையில் நின்றவள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். நீ நலமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டதால் அந்த ஆவலை விட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு இடுப்பு வலி குறையவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், சமையலறையில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதில் உட்கார்ந்தபடியே என்னை அதிகாரம் செய்கிறாள். கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லை. பனியில் மூக்குக் கண்ணாடிமேல் ஆவி படிகிறதாம், அதற்கும் என்னையே திட்டுகிறார்கள்.

ஏரிக்குப் புது வாத்து ஒன்று வந்திருப்பதாகப் பறவை பார்க்கிறவர்களின் குழுவில் செய்தி வந்தது, நீதானே என்னை அதில் சேர்த்துவிட்டுப் போனாய். வழக்கமாக வரும் சாம்பல் வாத்துக் கூட்டத்துக்குள் அது மட்டும் வேறு ஜாதி, இந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை என்றார்கள். உனக்குத்தான் லீவே கிடைக்கவில்லையே, பாவம், நாமாவது பார்த்துச் சொல்லலாம் என்று கிளம்பினேன். அம்மா பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். போன வருஷம் யாரோ வளர்த்த பண்ணை வாத்தைப் பார்த்துவிட்டு அபூர்வம் அபூர்வம் என்று நான் துள்ளியதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. பனியில் எல்லாமே சாம்பல்தான், நிறத்தை நம்பாதே, நிற்பதையும் நடப்பதையும் பார் என்பாயே, அப்படியே பார்த்தேன். ஒன்று மட்டும் சின்ன உருவம், மற்றவை ஒரு வாய் மேய்வதற்குள் இரண்டு வாய் மேய்ந்துகொண்டு குடுகுடுவென்று நடந்தது. வெயில் வந்ததும் நெற்றி வெள்ளை உச்சந்தலைவரை ஏறியிருப்பது தெரிந்தது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அதேதான். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

அதற்குள் வாத்துகள் எல்லாம் தலையைத் தூக்கின, எதைப் பார்க்கின்றன என்று பைனாகுலரைக் கொஞ்சம் உயர்த்தினேன். அக்கரையில் வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர், முகமெல்லாம் மப்ளர். அதில் ஒருத்தி இடது காலில் நின்றுகொண்டு வலது பாதத்தால் கெண்டைக்காலைத் தேய்த்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், என் கண்ணை நானே நம்பாமல் லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நீ நிற்கிற நிலை அது, பெற்றவனுக்கு முகமா வேண்டும்? கூப்பிட வாயெடுத்தேன். சத்தம் போட்டால் வாத்து பறந்துவிடும், தூரத்திலிருந்து வந்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்பதும் நீ சொல்லிக் கொடுத்ததுதான். வாயை மூடிக்கொண்டேன். கரையைச் சுற்றி நான் வந்து சேர்வதற்குள் உங்கள் கார் கிளம்பிவிட்டது. நம் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டித்தான் போயிருப்பாய், வேறு வழி இல்லையே.

சாயங்காலம் வழக்கம்போல் போன் செய்தாய், வேலை தலைக்குமேல் இருக்கிறது என்றாய். பால் வாங்கி வருகிறேன் என்று நான் எழுந்து போய்விட்டேன். வாத்தைப் பற்றி அம்மாவிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். யாரெல்லாம் வந்திருந்தாங்க என்று கேட்டாள், யாரோ வெளியூர் ஆளுங்க என்றேன். நம்ம பாப்பாவுக்குப் பாக்கக் குடுத்து வைக்கலையே என்று உனக்காக வருத்தப்பட்டாள். எங்கள்மேல் கோபம் என்றால் சொல், சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கோபம்கூட இல்லை, சும்மாதான் வரவில்லை என்றால் அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாத்துக்குக் கிடைத்த லீவு பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை பார். அபூர்வமாக ஏதாவது வந்தால்தான் நீ வருவாய் என்றால், நானே குழுவில் ஒரு புளுகை அவிழ்த்துவிடுகிறேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு, மனதாரத்தான் சொல்கிறேன். குளிரில் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. கடிதத்தில் என்ன எழுதினார் என்று அம்மா கேட்டால் வாத்தைப் பற்றி மட்டும்தான் என்று சொல்லிவிடு. பொய் சொல்ல உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
இக்கரையில் நின்ற உன் அப்பா